சட்டம் அனுமதித்தும் எட்டாத சோதனை

கருவில் வளரும் குழந்தையின் உடல்நலத்தை அறிவதற்காகக் கண்டறியப்பட்ட ஒரு மருத்துவச் சோதனை, இந்தியாவில் பெண் கருவை அடையாளம் கண்டு அழிக்கும் கருவியாகத்தான் முதலில் பெயர் பெற்றது. கர்ப்பிணியின் வயிற்றில் மெல்லிய நீண்ட ஊசியைச் செலுத்திப் பனிக்குட நீரைச் சிறிதளவு எடுத்து ஆராயும் முறை, 1974-75 ஆண்டுகளில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆய்வு நோக்கில் தொடங்கியது. பிறவிக் குறைபாடுகளை முன்கூட்டியே கண்டறிவதே அதன் நோக்கம். சோதனைக்கு வந்த பெற்றோரில் பலர் எதிர்பார்த்ததோ வேறு. குறைபாடு இருக்கிறதா என்பதைக் காட்டிலும் குழந்தை ஆணா, பெண்ணா என்பதை அறிவதிலேயே அவர்கள் ஆர்வம் காட்டினர். பெண் என்று தெரிந்ததும் கருக்கலைப்பை நாடினர்.

ஆண் குழந்தை வேண்டும் என்பதற்காகப் பெற்றுக்கொண்டே போகும் வழக்கத்துக்கு இச் சோதனை முடிவு கட்டும், மக்கள்தொகைப் பெருக்கமும் குறையும் என்ற வாதம் அன்றைய மருத்துவ வட்டாரத்திலேயே எழுந்தது என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கும். அவசரநிலையை ஒட்டிய ஆண்டுகள் அவை. மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு எதையும் நியாயப்படுத்தும் வலிமை இருந்தது.

அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. பனிக்குட நீர்ச் சோதனை என்றால் இன்றும் அரசு அலுவலகங்களில் நினைவுக்கு வருவது குற்றமும் தண்டனையும்தான். அந்த நீர் மருத்துவருக்குச் சொல்லக்கூடிய மற்றச் செய்திகளைப் பற்றியோ, அவற்றைக் கேட்டறியும் வசதி எத்தனை ஏழைத் தாய்மார்களுக்குக் கிடைக்கிறது என்பதைப் பற்றியோ நாடாளுமன்றத்திலும் வெளியிலும் பேசுவோர் அரிது. தடை செய்வதில் காட்டிய வேகத்தில் பாதியைக்கூட, அனுமதித்ததை வழங்குவதில் எந்த அரசும் காட்டவில்லை.

பனிக்குட நீர் வெறும் நீரன்று. கர்ப்பத்தின் பிற்பாதியில் அதன் பெரும்பகுதி கருவின் சிறுநீர்தான். நுரையீரலிலிருந்து கசியும் திரவமும் அதனுடன் கலக்கிறது. அந்த நீரைக் கரு விழுங்குகிறது, மீண்டும் வெளியேற்றுகிறது. அதன் தோலிலிருந்து உதிரும் உயிரணுக்களும் அதில் மிதக்கின்றன. எனவே கருவின் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல், ரத்தம் ஆகியவற்றின் நிலையை அந்த நீரிலுள்ள வேதிப்பொருள்களின் அளவைக் கொண்டு கணிக்க முடியும். தாயின் கருவறையைத் திறக்காமலே குழந்தையின் உடலை ஆய்வகத்தில் படிக்கும் கலை என்று இதைக் கூறலாம்.

இக் கலையின் முதல் வெற்றி ரத்தப் பொருத்தமின்மை தொடர்பானது. ஆர்.எச். நெகட்டிவ் வகை ரத்தம் கொண்ட தாயின் உடல், பாசிட்டிவ் வகைக் கருவின் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்கினால், அழிந்த அணுக்களிலிருந்து உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் பனிக்குட நீரில் சேரும். அந்த நீர் ஒளியின் குறிப்பிட்ட அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, கருவின் நிலையைக் கணிக்கும் வரைபடத்தை நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகர மருத்துவர் வில்லியம் லைலி 1961-ல் வகுத்தார். 1963-ல் கருவுக்கே ரத்தம் செலுத்தும் சிகிச்சையையும் அவரே முதன்முதலாகச் செய்து காட்டினார். நோயைக் கண்டறிவதும் அதற்குச் சிகிச்சை அளிப்பதும் இங்கே சேர்ந்தே பிறந்தன. கண்டறிதல் என்றாலே கலைப்பு என்று எண்ணப் பழகிவிட்ட நம் நாட்டில் இந்த வரலாறு நினைவில் வைக்கத்தக்கது.

1972-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மற்றொரு குறியீடு கண்டறியப்பட்டது. கருவின் கல்லீரலில் உற்பத்தியாகும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம், முதுகுத் தண்டுவடமோ மண்டையோடோ மூடாமல் திறந்திருக்கும் குழந்தைகளில் அந்தத் திறப்பின் வழியே கசிந்து பனிக்குட நீரில் மிகுதியாகக் காணப்படும். அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியும் உடன் இருந்தால் ஐயம் பெரிதும் தீரும். கிரியேட்டினின் அளவு உயர்வது சிறுநீரகமும் தசைகளும் முதிர்வதைக் காட்டும். சில பிறவி வளர்சிதை மாற்ற நோய்களில், உடைபடாமல் தேங்கும் சர்க்கரைச் சங்கிலிகளே இந்த நீரில் நோயைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது நுரையீரல் முதிர்ச்சியைக் காட்டும் குறியீடுதான். நுரையீரலின் காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அவற்றின் உட்புறத்தில் படியும் ஒரு வழுவழுப்பான கொழுப்புப் பொருள். உரிய காலத்துக்கு முன்பே பிறக்கும் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்குக் காரணம் அப் பொருள் இல்லாமைதான் என்று அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி 1959-ல் விளக்கினார். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 1963-ல் ஐந்து வாரங்களுக்கும் மேல் முன்னதாகப் பிறந்து இரண்டு நாள்கள்கூட வாழாமல் இறந்தது இதே காரணத்தால்தான். அதிபரின் குழந்தைக்கே அன்று மருந்து இல்லை.

நுரையீரலில் சுரக்கும் லெசித்தின் பனிக்குட நீரில் கலப்பதால், அதனை அளவு மாறாத ஸ்பிங்கோமைலினுடன் ஒப்பிட்டால் குழந்தை மூச்சுவிடத் தயாரா என்பதை அறியலாம் என்று லூயிஸ் குளக்கும் அவருடைய குழுவினரும் 1971-ல் கலிஃபோர்னியாவில் கண்டனர். விகிதம் இரண்டுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினால் அச்சமில்லை. இந்த அளவீட்டுக்கு ஆய்வக வசதி வேண்டும். அது இல்லாத இடங்களுக்காக, பனிக்குட நீருடன் ஆல்கஹாலைச் சேர்த்துக் குலுக்கி, நுரை நிலைத்து நிற்கிறதா என்று பார்க்கும் எளிய முறை மறு ஆண்டே வந்தது. ஒரு கண்ணாடிக் குழாயும் கால் மணி நேரமும் போதும். ஆனால் தாய்க்கு நீரிழிவு இருந்தால் லெசித்தின் விகிதத்தை அப்படியே நம்ப முடியாது, பாஸ்ஃபாடிடைல்கிளிசரால் என்ற வேறொரு பொருளையும் தேட வேண்டும் என்பது பின்னர் தெரியவந்தது. நீரிழிவு பெருகிவரும் நாட்டில் இது சிறிய நுணுக்கம் அல்ல.

இத்தனை செய்திகளைச் சொல்லும் நீரிடம் இந்தியச் சமூகம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டது.

பனிக்குட நீரிலுள்ள உயிரணுக்களைக் கொண்டு பாலினத்தை அறியலாம் என்பதை 1956-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் மருத்துவர்கள் நிறுவினர். ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஹீமோஃபீலியா நோய் உள்ள குடும்பங்களுக்கு வழிகாட்ட அது பயன்பட்டது. அதே அறிவு இங்கே வந்தபோது, நோயே இல்லாத பெண் குழந்தை நோயாகக் கருதப்பட்டது. எழுபதுகள் முடிவதற்குள் அரசு மருத்துவமனைகளில் பாலினம் அறியும் சோதனைக்குத் தடை விதிக்கப்பட்டது. தனியார் மருத்துவமனைகளை அத் தடை தொடவில்லை. பஞ்சாபிலும் மும்பையிலும் தொழில் செழித்தது. இப்போது சில நூறு ரூபாய் செலவழித்தால் பின்னாளில் வரதட்சணையாகக் கொடுக்கும் பல ஆயிரம் ரூபாய் மிச்சமாகும் என்ற பொருளில் பகிரங்கமாக விளம்பரங்கள் வெளியாயின.

மும்பையில் பெண்கள் அமைப்புகளும் மருத்துவர்கள் சிலரும் நடத்திய இயக்கத்தின் பயனாக, 1988-ல் மகாராஷ்டிரம் நாட்டிலேயே முதலாவதாகச் சட்டம் இயற்றியது. நாடாளுமன்றம் விழித்துக்கொள்ள மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 1994-ல் நிறைவேறிய மத்தியச் சட்டம் 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஊசிக்கே அவசியம் இல்லாமல் போய்விட்டது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவிகள் சிறு நகரங்களை எட்டிவிட்டன. சட்டம் ஏட்டில் உறங்குவதாக இரண்டு தன்னார்வ அமைப்புகளும் சமூக ஆர்வலர் சாபு ஜார்ஜும் 2000-ல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றனர். மாநிலங்களை நீதிமன்றம் தட்டி எழுப்பிய பிறகே பதிவும் சோதனைகளும் தொடங்கின. கருவுறுதலுக்கு முன்பே பாலினத்தைத் தேர்வு செய்யும் முறைகளையும் சேர்த்து 2003-ல் சட்டம் திருத்தப்பட்டது.

ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இத்தனை பெண் குழந்தைகள் என்ற கணக்கில், ஆறு வயதுக்கு உட்பட்டோரின் விகிதம் 1991-ல் 945 ஆக இருந்தது. 2001-ல் அது 927 ஆகவும் 2011-ல் 919 ஆகவும் இறங்கியது. 2001 கணக்கெடுப்பில் பஞ்சாபின் எண்ணிக்கை 798, ஹரியாணாவில் 819, தலைநகர் தில்லியிலோ 868. படிப்பும் பணமும் மிகுந்த பகுதிகளில்தான் பெண் குழந்தை காணாமல் போனது என்பதை இந்த எண்கள் அப்பட்டமாகக் காட்டின. பிறப்பு விகிதத்தைத் தனியே கணக்கிடும் மாதிரிப் பதிவு முறையில் 2018-20 காலத்துக்குக் கிடைத்த எண் 907. ஆகவே இச் சட்டம் தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. சட்டம் பல்லில்லாமல் இருப்பதாகக் குறை கூறுவோரும், எழுத்தர் பிழைக்காக மருத்துவர்களைச் சிறைக்கு அனுப்புவதாகக் குறை கூறுவோரும் எதிரெதிரே நிற்கின்றனர். மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், ஆவணங்களை முறையாகப் பராமரிக்காமையும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் உறுதிப்படுத்தியது. அது சரியான தீர்ப்பு. நிரப்பப்படாத படிவத்தின் பின்னால்தான் குற்றம் ஒளிந்துகொள்கிறது.

ஆனால் அதே சட்டத்துக்கு மற்றொரு பக்கம் உண்டு. அதன் 4-வது பிரிவு, எந்த நோய்களுக்காகப் பேறுகாலத்துக்கு முந்தைய சோதனையைச் செய்யலாம் என்று தெளிவாகப் பட்டியலிடுகிறது. குரோமோசோம் குறைபாடுகள், மரபுவழி வளர்சிதை மாற்ற நோய்கள், ஹீமோகுளோபின் நோய்கள், பாலினம் சார்ந்த மரபணு நோய்கள், பிறவிக் குறைபாடுகள் ஆகியவை அதில் அடங்கும். 35 வயதைக் கடந்த கர்ப்பிணி, இரண்டோ அதற்கு மேலோ தானாகக் கருச்சிதைவு ஏற்பட்டவர், கருவைப் பாதிக்கும் மருந்துக்கோ கதிர்வீச்சுக்கோ ஆளானவர், குடும்பத்தில் மனவளர்ச்சிக் குறையோ மரபணு நோயோ உள்ளவர் ஆகியோருக்கு இச் சோதனையைச் செய்யச் சட்டமே வழி விட்டிருக்கிறது. அந்த வழியில் நடந்து செல்ல யாரால் முடிகிறது?

தில்லி எய்ம்ஸ், லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனம், ஹைதராபாதின் மரபணு ஆய்வு மையம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களைச் சுற்றியே நாட்டின் மரபணு மருத்துவம் வளர்ந்தது. பிற இடங்களில் தனியார் ஆய்வகங்கள் இருக்கின்றன, கட்டணமும் இருக்கிறது. தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்கும் புதிய சோதனைக்கு ஊசியே தேவையில்லை. அதற்குச் சில ஆயிரங்களும் பல ஆயிரங்களும் கேட்கிறார்கள். அந்தச் சோதனையில் ஐயம் எழுந்தாலும் உறுதி செய்ய மீண்டும் பனிக்குட நீரிடம்தான் வர வேண்டும்.

பணத்தைவிடக் கொடியது நாள்காட்டி. பனிக்குட நீரை வழக்கமாக 15-வது வாரத்துக்குப் பிறகே எடுக்கிறார்கள். உயிரணுக்களை வளர்த்து முழுமையாக ஆராய்ந்து முடிவு சொல்ல இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்த தாய்மார்கள் 70 சதவீதம். மீதமுள்ள 30 சதவீதத்தினர், பெரும்பாலும் ஏழைகள், தாமதமாக வருகிறார்கள் அல்லது வருவதே இல்லை. அப்படி வருபவரை ஆரம்ப சுகாதார நிலையம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும். அங்கிருந்து மாநகரத்துக்கு அனுப்புவார்கள். அங்கே முறை வந்து, மாதிரி எடுத்து, முடிவு வருவதற்குள் 24 வாரங்கள் கடந்துவிடும்.

கடந்தால் என்ன? 1971-ல் இயற்றப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் என்று கோடு கிழித்தது. கருவின் இதயத்தில் கோளாறு என்று 24-வது வாரத்தில் அறிந்த மும்பை தம்பதி ஒருவர் 2008-ல் உயர் நீதிமன்றத்தில் கைகூப்பி நின்றும் அனுமதி கிடைக்கவில்லை. அந்த வழக்கு எழுப்பிய விவாதம் சட்டமாக மாற 13 ஆண்டுகள் பிடித்தன. 2021 திருத்தத்தின்படி, குறிப்பிட்ட பிரிவினருக்கு வரம்பு 24 வாரமாக உயர்ந்தது. கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டால் வார வரம்பே இல்லை. கோரிக்கை வந்த மூன்று நாள்களில் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. 2023 அக்டோபரில், 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கோரிய தாயின் மனுவை உச்ச நீதிமன்றம் நிராகரித்தபோது இந்தக் கோட்டின் பொருள் மேலும் தெளிவாயிற்று. 24 வாரத்துக்குப் பின் தாயின் உயிருக்கு ஆபத்து அல்லது கருவில் கடுமையான குறைபாடு என்ற இரண்டு கதவுகள் மட்டுமே திறந்திருக்கின்றன. இரண்டாவது கதவைத் திறக்கும் சாவி ஆய்வக அறிக்கை. அறிக்கை தரும் ஆய்வகமும் அதைப் படித்து விளக்கும் மரபணு மருத்துவரும் இல்லாத மாவட்டத்தில், வாரியம் எதை வைத்து மூன்று நாளில் முடிவெடுக்கும்?

பொருளாதார நோக்கில் பார்த்தாலும் இப் புறக்கணிப்பு புரியவில்லை. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று மறு ஆண்டு அறிவித்தது. உடலில் இல்லாத நொதியை வெளியிலிருந்து செலுத்தும் சிகிச்சை, குழந்தையின் எடை கூடக் கூடச் செலவும் கூடும் இயல்புடையது. அந்த 50 லட்சமும் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டுப் பெற்றோர்கள் தில்லி உயர் நீதிமன்றத்தின் படிகளில் ஏறியிருக்கின்றனர். அதே குடும்பத்தில் அடுத்த கரு உருவாகும்போது, பனிக்குட நீரை உரிய காலத்தில் ஆராய ஆகும் செலவு அத் தொகையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-ல் தொடங்கிய 'உம்மீத்' திட்டம் அரசு மருத்துவமனைகளில் மரபணு நோயறியும் மையங்களை அமைக்க முற்பட்டது, திசை சரியானது. ஆனால் அது ஓர் ஆராய்ச்சித் துறையின் முயற்சி. சுகாதார அமைச்சகத்தின் அன்றாடப் பணியாக அது மாறாதவரை கிராமத்துக் கர்ப்பிணியைச் சென்றடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். குறையுள்ள குழந்தைகளே பிறக்கக்கூடாது என்பது ஒரு நாகரிக அரசின் கொள்கையாக இருக்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை 2016-ல் இயற்றிய நாடு இது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைப் பெற்று வளர்க்க முடிவு செய்யும் தாய்க்குப் பள்ளியும் சிகிச்சையும் உறுதி செய்வது எவ்வளவு கடமையோ, அவ்வளவு கடமை அந்த முடிவை அறிந்தே எடுக்க அவருக்கு வாய்ப்பளிப்பதும். வசதி படைத்தவருக்குத் தேர்வும் ஏழைக்குத் தலைவிதியும் என்ற இன்றைய ஏற்பாட்டை அறநெறியின் பெயரால் யாரும் காக்க முடியாது. பெண் கருவுக்கு எதிராக இச் சமூகம் செய்ததைப் பார்த்தவர்கள், மரபணுத் தேர்வு எங்கே போய் முடியும் என்று அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்துக்கு விடை, நோயாளியிடம் நேரம் எடுத்துப் பேசும் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். அவர்கள் எத்தனை பேர் அரசுப் பணியில் இருக்கிறார்கள் என்று எந்த மாநில அரசிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

நுரையீரல் முதிர்ச்சிச் சோதனையின் கதை வேறு விதமானது. அது தோற்றுப் போகவில்லை. அதைவிட நல்லது வந்துவிட்டது. குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் விரைவாக முதிரும் என்பதை ஆக்லாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹவி என்ற இருவர் 1972-ல் நிரூபித்தனர். நுரையீரல் முதிர்ந்துவிட்டது என்று நீர் காட்டினாலும் மற்ற உறுப்புகள் முதிராமல் இருக்கலாம் என்ற உண்மையும் தெளிவாயிற்று. இன்று அமெரிக்காவிலேயே அந்தச் சோதனையை வைத்துப் பிரசவ நாளைக் குறிப்பதில்லை. ரத்தப் பொருத்தமின்மையிலும் அப்படித்தான்: கருவின் மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தின் வேகத்தை ஸ்கேன் மூலம் அளக்கும் முறை 2000-ம் ஆண்டுக்குப் பிறகு ஊசியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தண்டுவடப் பிளவையும் இப்போது ஸ்கேனே பெரும்பாலும் காட்டிவிடுகிறது.

எனவே இந்தியா கடந்த காலத்து ஆய்வகத்தை மாவட்டந்தோறும் கட்ட வேண்டியதில்லை. அந்தச் சோதனை கேட்ட கேள்விக்கு, அதாவது 'இந்தக் குழந்தை பிறக்கத் தயாரா?' என்பதற்கு, இங்கே பதில் இருக்கிறதா என்பதே முக்கியம். உலகிலேயே மிக அதிகமாகக் குறைமாதக் குழந்தைகள் பிறக்கும் நாடு இந்தியா. 2020-ல் மட்டும் சுமார் 30 லட்சம். துணைச் செவிலியரே டெக்சாமெத்தசோன் ஊசியின் முதல் தவணையைப் போட்டுத் தாயை மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசு 2014-ல் வழிகாட்டியது. மலிவான மருந்து, நல்ல முடிவு. ஆனால் மறு ஆண்டே இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் நடந்த பெரிய ஆய்வு அதிர்ச்சி தந்தது. ஊசியைப் பரவலாகப் போட்ட இடங்களில் பச்சிளங்குழந்தை மரணம் குறையவில்லை, சற்றே கூடியது. ஐந்து நாடுகளில், வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் நடத்தி 2020-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வோ நேர்மாறான முடிவைத் தந்தது. ஊசி பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் இறந்தோர் 19.6 சதவீதம், பெறாதோரின் குழந்தைகளில் 23.5 சதவீதம்.

ஒரே மருந்து இரு இடங்களில் இரு விதமாகச் செயல்பட்டது ஏன்? இரண்டாவது ஆய்வில் ஸ்கேன் மூலம் கருவின் வயது உறுதி செய்யப்பட்டிருந்தது. முதல் ஆய்வின் கிராமங்களில் அந்த வசதி இல்லை. குறைமாதம் என்று எண்ணி ஊசி போடப்பட்ட பல குழந்தைகள் நிறைமாதக் குழந்தைகள். நாள் கணக்கு நினைவில் இல்லாத தாய்க்கு, எடை குறைந்த குழந்தை எதுவும் குறைமாதக் குழந்தையாகவே தெரியும். ஆக, உயர்நிலை வேதியியல் எல்லாம் இருக்கட்டும், கருவின் வயது என்ன என்ற முதல் கேள்விக்கே இந் நாட்டுக் கிராமங்களில் விடை இல்லை.

முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் ஒரு ஸ்கேன் அதைத் துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த ஸ்கேன் கருவி கிராமத்துக்குப் போக முடியாதபடி நிற்பது, பெண் கருவைக் காக்க வந்த சட்டத்தின் விதிகள்! கையில் எடுத்துச் செல்லும் கருவிகளைப் பதிவு பெற்ற மையங்களிலும் நடமாடும் மருத்துவ ஊர்திகளிலும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2012-ல் விதி சேர்க்கப்பட்டது. காரணம் நியாயமானது, வீடு வீடாகச் சென்று பாலினம் சொன்ன தரகர்களை ஒடுக்க வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் கருவின் பாலினம் ஸ்கேனில் புலப்படாத முதல் வாரங்களில் வயதை மட்டும் கணக்கிட, பொது மருத்துவமனைகளின் பொறுப்பில் தனி ஏற்பாடு செய்ய முடியாதா? கருவியிலேயே படத்தை மறைத்து அளவை மட்டும் காட்டும்படி செய்வது பொறியாளர்களுக்குப் பெரிய காரியமா? ஹரியாணாவின் குருகிராம் அரசு மருத்துவமனையில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் 'கர்பினி' ஆய்வின் தரவுகளைக் கொண்டு, பிந்தைய மாதங்களிலும் இந்தியக் கருவின் வயதைக் கணிக்கும் முறையொன்றைச் சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரீதாபாத் ஆய்வு நிறுவனமும் 2024-ல் உருவாக்கின. மேலை நாட்டு அளவுகோலைவிட அது பிழை குறைந்தது. அறிவியலாளர்கள் தம் பங்கைச் செய்துவிட்டனர். விதிகளைத் திருத்துவது அமைச்சகத்தின் பங்கு.

தண்டுவடப் பிளவு குறித்தும் ஒரு சொல். அதைக் கண்டறிவதைவிடத் தடுப்பது எளிது. ஃபோலிக் அமிலத்தால் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம் என்பது 1991-லேயே பிரிட்டிஷ் ஆய்வில் உறுதியாயிற்று. ஆனால் நரம்புக் குழாய் மூடிக்கொள்வது கருவுற்ற முதல் 28 நாள்களுக்குள். பெரும்பாலான பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாத நாள்கள் அவை. சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்த பிறகு மாத்திரை கொடுப்பது, வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுவது போல. திருமணமான பெண்களுக்கு முன்கூட்டியே மாத்திரை சேர்வதை எந்த மாவட்ட ஆட்சியர் ஆய்வுக் கூட்டத்தில் கேட்கிறார்?

2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில், அரிவாள் செல் ரத்தசோகையை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கத்தைப் பிரதமர் தொடக்கி வைத்தார். பழங்குடி மாவட்டங்களில் ஏழு கோடி பேரைச் சோதித்து அட்டை வழங்குவது இலக்கு. அட்டையைப் பார்த்துத் திருமணத்தை முடிவு செய்யுமாறு இளைஞர்களுக்கு அறிவுரை கூறப்படுகிறது. ஏற்கெனவே மணமாகி, கணவன், மனைவி இருவருமே நோய்க்கூற்றைச் சுமப்பவர்கள் என்று அட்டை காட்டினால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தலசீமியாவிலும் அதே கணக்குத்தான். அந்த நோயுடன் ஆண்டுதோறும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இங்கே பிறப்பதாக அரசே மதிப்பிட்டிருக்கிறது. ஷாதோலின் காட்டோரக் கிராமத்தில் அந்த அட்டையோடு நிற்கும் மூன்று மாதக் கர்ப்பிணி, கருவைச் சோதிக்க எந்த ஊருக்குச் செல்ல வேண்டும், பயணச் செலவையும் சோதனைக் கட்டணத்தையும் யார் ஏற்பார்கள், முடிவு எந்த வாரத்துக்குள் அவர் கைக்கு வரும் என்ற மூன்று விவரங்களையும் அட்டையின் பின்புறத்திலேயே அச்சிட்டுத் தர மத்திய, மாநில அரசுகள் முன்வர வேண்டும். அப்படி அச்சிட முடியாத மாவட்டங்களின் பட்டியலை நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் கேட்டுப் பெறலாம்.